மிளகு கடிச்ச கணக்கு

நோட்டோட முதல் பக்கத்துல இப்படி எழுதியிருக்கு: "மூணாவது நாள். மொத்தம் 41." எங்க நாய்க்குட்டி மிளகோட பல்லு தோல்ல பட்டது மட்டும்தான் அந்த 41, துணியைப் பிடிச்சு இழுத்ததைச் சேர்க்கல, அதையும் சேர்த்தா ஒரு வாரத்துல நோட்டு தீர்ந்திருக்கும். என் ரெண்டு மணிக்கட்டும் முள்ளுச்செடிக்குள்ள கைய விட்டு எடுத்த மாதிரி இருந்துச்சு, பையன் சோஃபா மேல ஏறி நின்னுட்டுதான் வீட்டுப்பாடம் எழுதுறான், மனைவி பாத்ரூம் போகணும்னா முதல்ல எட்டிப் பாத்து மிளகு எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுதான் போவா. மிளகுக்கு அப்ப வயசு எட்டு வாரம், உள்ளங்கை ரெண்டையும் சேர்த்தா அதுல உக்காந்துக்குவா, அவ்ளோதான் உருவம்.

நோட்டு எதுக்குன்னா, எனக்கு வீட்டுல எது கெட்டுப்போனாலும் நானே கழட்டிப் பாக்கற பழக்கம் உண்டு, மிக்ஸி, ஃபேன், மோட்டார் எதுவா இருந்தாலும். அதுல கத்துக்கிட்ட ஒரே விஷயம், விட்டு விட்டு வர்ற கோளாறு எப்ப வருது எப்ப வரலன்னு எழுதி வைக்காம ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது. இதுவும் விட்டு விட்டு வர்ற கோளாறுதானே, ஒரு நேரம் பட்டு மாதிரி மடியில படுத்துக்கறா, அடுத்த நேரம் குதிகாலைப் பிடிச்சுத் தொங்கறா. அதனால ஃபிரிட்ஜ் பக்கத்துல ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு பென்சிலையும் கட்டி அஞ்சு கோடு போட்டேன்: எத்தனை மணி, யாரு, எந்த இடம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, கடைசியா எப்ப தூங்கி எழுந்தா. அந்த அஞ்சாவது கோடு சும்மா இடம் இருந்துச்சேன்னு போட்டது. கடைசில மொத்த விஷயமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு, அதைப் பின்னாடி சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், இதை நானும் முதல் நாள் அலட்சியமா விட்டேன். குட்டிதானே, பால் பல்லுதானேன்னு கீறலைத் துடைச்சுட்டு விட்றக்கூடாது. பல்லு பட்டு தோல் கீறினா உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் டாக்டரைப் பாக்கணும், ரத்தம் வரலேன்னாலும் பாக்கணும். மிளகுக்கு அப்ப முதல் தடுப்பூசி மட்டும்தான் ஆகியிருந்துச்சு, ரேபிஸ் ஊசி மூணு மாச வயசுலதான் போடறதா இருந்துச்சு. நான் நாலாவது நாள்தான் டாக்டர்கிட்ட போனேன், "இத்தனை நாள் என்ன பண்ணீங்க"ன்னு கேட்டுட்டு ஊசியை எழுதிக் கொடுத்தார், பையனுக்கும் சேர்த்து. ரேபிஸ் அறிகுறி வந்துடுச்சுன்னா அப்புறம் காப்பாத்தறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அதனால இதுல மட்டும் கணக்குப் பாக்காதீங்க.

சரி, ஏன் கடிக்குது. குட்டிக்குக் கை கிடையாது, எதையும் தெரிஞ்சுக்கணும்னா வாயிலதான் எடுத்துப் பாக்கணும், கூடப்பிறந்ததுங்களோட விளையாடறதும் வாயாலதான். பால் பல்லு மொத்தம் 28, ஒவ்வொண்ணும் ஊசி. தாடையில பலம் கம்மியா இருந்தாலும் பல்லு கூரா இருக்கறதால லேசா பட்டாலே வலிக்கும். அண்ணன் தம்பி கூட்டத்துல இருக்கும்போது ஒண்ணு அழுத்திக் கடிச்சா இன்னொண்ணு கத்திட்டு விளையாட்டை நிறுத்திட்டுப் போயிடும், இப்படியே எவ்ளோ அழுத்தலாம்னு ஒரு அளவு படியும். அதுக்குத்தான் எட்டு வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்டேர்ந்து பிரிக்காதீங்கன்னு சொல்றாங்க. நாங்க எட்டு வாரத்துல கொண்டு வந்தோம், பாடம் பாதில நின்னுடுச்சு, மிச்சத்தை நாமதான் நடத்தணும். ஆனா நாம நாய் இல்லையே, அங்கதான் எல்லாக் குழப்பமும்.

முதல் வாரம் நான் செஞ்சதெல்லாம் தோத்ததுதான், வரிசையா சொல்லிடறேன், யாருக்காவது நேரம் மிச்சமாகும்.

ஆளாளுக்குச் சொல்ற "ஆவ்"னு கத்தற வழி. குட்டி மாதிரியே கீச்சுன்னு கத்தினா விட்டுடும்னாங்க. சில குட்டி விட்டுடுமாம், மிளகு காதை நிமித்திக்கிட்டு "இன்னொரு தடவை கத்து"ங்கற மாதிரி பாத்துட்டு மறுபடி பாஞ்சா. பொம்மைய அமுக்கினா சத்தம் வருமே, நான் அந்தப் பொம்மையா ஆயிட்டேன். ரெண்டு நாள் கத்திப் பாத்துட்டு தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

அடுத்து கைய வெடுக்குன்னு இழுக்கறது. இது யாரும் சொல்லிக் கொடுக்கல, தானா வர்றது, ஆனா இதுதான் இருக்கறதுலயே மோசம், ஏன்னா ஓடற பொருளைத் துரத்தறது அதோட ரத்தத்துலயே இருக்கு. இழுக்கும்போது கீறலும் நீளமா விழும். பல்லுக்கு நடுவுல கை சும்மா கிடந்தா ஒரு பொட்டுதான் விழும், இழுத்தா கோடு.

கசப்பு ஸ்ப்ரே வாங்கி நாற்காலி கால்ல, பேண்ட் ஓரத்துல எல்லாம் அடிச்சேன். நாற்காலிக்கு வேலை செஞ்சுச்சு, என் பேண்ட்டை நக்கிட்டே கடிச்சா. கைய சரியா கழுவாம நான் சாப்பிட உக்காந்து எனக்குத்தான் அந்தக் கசப்பு நாள் பூரா நாக்குல நின்னுச்சு.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, "தம்பி, மூக்குல ஒரு தட்டு தட்டுங்க, மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடிங்க, யாரு பெரியவன்னு அதுக்குத் தெரியணும்"னாரு, சொன்னதோட நிக்காம அவரே ஒரு தட்டு தட்டிட்டாரு. அன்னிக்குக் கடி குறைஞ்ச மாதிரிதான் தெரிஞ்சுச்சு. ஆனா மறுநாள் காலர் மாட்டக் கை நீட்டினா தலையைக் குனிஞ்சு பின்னாடி போறா. ஒரே ஒரு தட்டு, அதைச் சரி பண்ண எனக்கு ஒரு வாரம் ஆச்சு, கை கிட்ட வந்தா தீனி வரும்னு ஒவ்வொரு பருக்கையா கொடுத்துக் கொடுத்து. இந்த "நான்தான் தலைவன்" கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன், 1947ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒரு ஆய்வாளர் அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்து எழுதினதுலேர்ந்து பரவினது. ஓநாய் ஆராய்ச்சியிலயே வாழ்க்கையை ஓட்டின டேவிட் மெக், அவரும் முதல்ல இதையே எழுதினவர்தான், 1999ல தெளிவா மாத்தி எழுதிட்டார், காட்டுல இருக்கற ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா அவங்க பிள்ளைங்க, அவ்ளோதான், தலைவர் பதவிக்குச் சண்டையெல்லாம் இல்லைன்னு. அண்ணன்கிட்ட இதைச் சொல்லல. வந்தா கைய பாக்கெட்ல வச்சுக்கங்கண்ணேன்னு மட்டும் சொன்னேன்.

இப்ப நோட்டுக்கு வரேன். அஞ்சு நாள் ஆனதும் ஒரு ராத்திரி உக்காந்து மணி வாரியா கூட்டினேன். நான் நினைச்சது, நாள் பூரா சமமாத்தான் கடிக்கறான்னு. இல்லவே இல்ல. காலையில எழுந்ததும் ஒரு கொத்து, சாயங்காலம் ஆறரையிலேர்ந்து எட்டு வரைக்கும் ஒரு பெரிய கொத்து, நடுவுல அங்கங்க ஒண்ணு ரெண்டு. சாயங்காலக் கொத்து மட்டும் மொத்தத்துல பாதிக்கு மேல. அந்த நேரத்துல என்ன நடக்குது, எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம், பையன் ஓடறான், குட்டியைப் பாக்க யாராச்சும் வந்துடறாங்க, எல்லாரும் கொஞ்சறாங்க. சரி, குஷில கடிக்கறான்னு முடிவுக்கு வரப் போனேன், அப்பதான் அஞ்சாவது கோடு கண்ணுல பட்டுச்சு. கடி கொத்தா இருக்கற இடத்துல எல்லாம் கடைசித் தூக்கம் முடிஞ்சு ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு ஆயிருக்கு. தூங்கி எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கற கடி விரல்விட்டு எண்ற அளவுதான், அதுவும் லேசானது. காலைக் கொத்து மட்டும் இதுல சேரல, அது ராத்திரி பூரா அடைஞ்சு கிடந்த வேகம்.

அப்புறம் தூக்கத்தைக் கூட்டினேன், ஒரு நாளைக்குப் பன்னண்டு மணி நேரம்தான் வந்துச்சு. இந்த வயசுக் குட்டி 18லேர்ந்து 20 மணி நேரம் தூங்கணும். அதாவது நான் கடிக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்தேன், வியாதி தூக்கக் கேடு. நம்ம வீட்டுக் குழந்தைங்க தூக்கம் வந்தா தூங்காம அடம் பிடிச்சு அழுது உருளுமே, அதேதான், இதுக்கு உருள்றதோட பல்லும் இருக்கு. சாயங்காலம் கண்ணு செவந்து, காது பின்னாடி போய், அறையைச் சுத்திச் சுத்தி ஓடி, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதுல விழாம கால்ல வந்து தொங்கினா, அது கொழுப்பு இல்ல, அது தூங்க வைக்கச் சொல்ற லட்சணம். நான் என்ன பண்ணேன், "எனர்ஜி ஜாஸ்தி, களைச்சுப் போகட்டும்"னு அந்த நேரத்துல இன்னும் ஓட வச்சேன், எரியற இடத்துல எண்ணெய ஊத்தின கதை.

தானா போய்ப் படுக்கற குட்டியும் இருக்கு, மிளகு அப்படி இல்ல, ஆள் நடமாட்டம் இருந்தா கண்ணு சொக்கினாலும் எழுந்து வந்துடுவா. அதனால அவளுக்கு ஒரு அடைப்பு கட்டினேன்.

அடைப்புக்கு எடுத்துக்கிட்டது அலமாரி செய்யற கம்பி வலைத் தட்டி, ஒண்ணரை அடி சதுரம், பன்னண்டு எண்ணம், கூடவே கேபிள் டை. ரெண்டு தட்டி ஒண்ணுமேல ஒண்ணு வச்சா மூணு அடி உயரம், பக்கத்துக்கு ரெண்டு அகலம்னு மூணு பக்கம், நாலாவது பக்கம் சுவர், உள்ள மூணடிக்கு மூணடி இடம். ஒரு பக்கத்துல ஒரு ஜோடி தட்டியை மட்டும் கதவா விட்டேன். முதல் தடவை கட்டினதுல மூணு தப்பு. ஒண்ணு, கேபிள் டையோட வெட்டின நுனி உள்பக்கமா இருந்துச்சு, அது கத்தி மாதிரி இருக்கும், தவிர அவ அதையே கடிக்க ஆரம்பிச்சா, எல்லாத்தையும் வெட்டிட்டு நுனி வெளிய வர்ற மாதிரி திருப்பிக் கட்டினேன். ரெண்டு, அடியில எதுவும் பிடிப்பு இல்ல, மூக்கால தள்ளி மொத்த அடைப்பையும் அறை பூரா நகர்த்திட்டு வந்தா, அது பாக்க நல்லா சிரிப்பா இருந்துச்சு ஆனா வேலைக்கு ஆகாது, அடியில பழைய ரப்பர் பாயை விரிச்சு அதோட சேர்த்துக் கட்டினேன். மூணாவதுதான் பயமானது, காலரோட உள்ள விட்டேன், காலர் வளையம் கம்பியில மாட்டிக்கிச்சு. நான் பக்கத்துலயே இருந்ததால உடனே எடுத்துட்டேன். அதுலேர்ந்து உள்ள போறதுக்கு முன்னாடி காலரைக் கழட்டிடுவோம், இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். தட்டி வாங்கும்போது கட்டம் சின்னதா இருக்கான்னும் பாத்துக்கங்க, தலை நுழையற அளவு இருந்தா வேண்டாம்.

மேல பாதிக்கு ஒரு பழைய போர்வையைப் போட்டு இருட்டாக்கினேன், காத்து வர்றதுக்கு ரெண்டு பக்கம் திறந்தபடி. உள்ள படுக்கை, தண்ணி, கடிக்க ஒரு பொருள். கணக்கு இப்படி வச்சோம்: ஒரு மணி நேரம் முழிப்பு, அதுல சாப்பாடு, வெளிய போறது, விளையாட்டு எல்லாம், அப்புறம் ஒண்ணரை ரெண்டு மணி நேரம் அடைப்பு. மொத நாளே உள்ள போட்டுக் கதவை மூடிட்டுப் போயிடாதீங்க, கத்திக் கத்தி அந்த இடமே பிடிக்காமப் போயிடும். ரெண்டு நாள் சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள வச்சு, கதவைத் திறந்தே விட்டு, அப்புறம் மூடி நான் பக்கத்துல தரையில உக்காந்து மொபைல் பாத்துட்டு இருந்தேன். மூணாவது நாள் பத்து நிமிஷம் முனகிட்டுத் தூங்கிட்டா. முக்கியமா, கோவத்துல தூக்கிட்டுப் போய் உள்ள போடறது கூடாது, அது ஜெயில் இல்ல, படுக்கை. என் மனைவி ஒரு தடவை "போடி உள்ள"ன்னு சொல்லிட்டே தூக்கினா, பையன் உடனே "அம்மா, அது தண்டனை மாதிரி இருக்கு"ன்னான்.

தூக்கம் மட்டும் சரியானதுல, வேற எதையும் மாத்தாமலே, நாலு நாள்ல எண்ணிக்கை 40லேர்ந்து 22க்கு வந்துச்சு. நோட்டைப் பாத்து எனக்கே நம்ப முடியல.

மிச்சம் 22தான் உண்மையான கடி, கத்துக்கொடுக்க வேண்டியது. இதுக்கு நம்ம கைக்குப் பதிலா வேற ஏதாச்சும் அவ வாயில இருக்கணும். அதுக்கு ரெண்டு சாமான் செஞ்சேன்.

முதல் சாமான், குச்சியில கட்டின இரை. முக்கால் இஞ்ச் பிவிசி பைப் மூணடி, உள்ளுக்குள்ள ஆறடி நைலான் கயிறு விட்டு, கைப்பிடிப் பக்கம் முடிச்சுப் போட்டு மூடி மாட்டி, இன்னொரு நுனியில பழைய டீ சர்ட்டைக் கிழிச்சுப் பின்னின ஜடை. பைப்போட வெட்டின விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடுங்க, இல்லேன்னா கயிறு அறுந்துடும். முதல்ல கயிறுக்குப் பதிலா எலாஸ்டிக் போட்டேன், நல்லா துள்ளுமேன்னு, அவ இழுத்துட்டு விட்டப்ப ஜடை திரும்பி வந்து என் முட்டியில அடிச்சுச்சு, அவ மூஞ்சியில அடிச்சிருந்தா என்ன ஆகும்னு அன்னிக்கே கழட்டிட்டேன். இதோட லாபம் என்னன்னா துரத்தற ஆசை தீரும், பல்லு என் கைக்கு மூணடி தள்ளி இருக்கும். ஆனா ஜடையைத் தரையோட தரையாத்தான் ஓட்டணும், தூக்கித் தூக்கிக் குதிக்க வைக்கக்கூடாது, எலும்பு மூட்டு வளர்ற வயசு. மூணு நாலு நிமிஷம் போதும். நடுவுல பிடிச்சுக்க விடணும், பிடிக்கவே விடாம ஏய்ச்சுட்டே இருந்தா கடுப்பாகி மறுபடி கால்லதான் வரும். பிடிச்சதும் நான் அசைவை நிறுத்திடுவேன், கயிறு செத்த மாதிரி கிடக்கும், அவளுக்கே போரடிச்சு வாயைத் திறக்கற அந்த நொடியில "விடு"ன்னு சொல்லிட்டு உடனே மறுபடி ஓட்டுவேன். பத்து நாள்ல அந்த வார்த்தை படிஞ்சிடுச்சு, பின்னாடி சாக்ஸ், ரிமோட் எல்லாத்துக்கும் இது உதவுச்சு.

ரெண்டாவது ரொம்ப எளிசு, பழைய துண்டை நனைச்சு முறுக்கி முடிச்சுப் போட்டு ஃப்ரீசர்ல வைக்கறது. ஈறு நமநமன்னு இருக்கும்போது குளிர்ச்சி இதமா இருக்கும். நூல் பிரிய ஆரம்பிச்சா தூக்கிப் போட்டுடணும், நூலை முழுங்கினா குடல்ல சிக்கும், அதனால தனியா இதோட விட்டுட்டுப் போகக்கூடாது. நடுவுல ஓட்டை இருக்கற ரப்பர் பொம்மையில டிரை ஃபுட்டை ஊறவச்சு அடைச்சு உறைய வச்சும் கொடுத்தோம், ஒரு நாள் சாப்பாட்டு அளவுலேர்ந்தே எடுத்ததுதான், தனியா இல்ல. கடிக்கக் கொடுக்கற எதுவா இருந்தாலும் கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க, நகம் கொஞ்சம்கூடப் பதியலேன்னா பல்லுக்கு அது ஜாஸ்தி கடினம். வேக வச்ச எலும்பு கூடவே கூடாது, ஊசி ஊசியா உடையும்.

சாமான் இருந்தா மட்டும் ஆகாது, கை எட்டற தூரத்துல இருக்கணும். பொம்மை ஹால்ல கிடக்கும், கடி சமையலறையில நடக்கும். கடைசில ஒவ்வொரு அறையிலயும் கதவுக் கைப்பிடியில ஒரு ரெண்டடி துணி ஜடையைத் தொங்கவிட்டோம். கடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி அவ பார்வை மாறும், தலை தாழும், அந்த நொடியில ஜடையைத் தரையில ஆட்டினா அங்க போயிடுவா. கடிச்ச பிறகு கொடுத்தா, கடிச்சா பொம்மை வரும்னு படிச்சுக்கும், அதனால கடிச்சுட்டான்னா பொம்மை கிடையாது.

கடிச்சுட்டா என்ன? கை மரக்கட்டை. இழுக்கல, தள்ளல, பேசல. பிடி தளர்ந்ததும் எழுந்து கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுவேன், முதுகைக் காட்டிட்டு இருபது எண்ணிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்பி வருவேன். அவளைத் தூக்கிட்டுப் போறதைவிட நாம போறதுதான் சுலபம், தூக்கப் போனா இன்னும் நாலு கடி. அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் போறதுல பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள அவ வேற வேலையைப் பாத்துட்டு எதுக்குப் போனோம்னே மறந்திருப்பா. வந்த உடனே மறுபடி கடிச்சா மறுபடி போ. ஒரு சாயங்காலம் ஒன்பது தடவை எழுந்து போயிருக்கேன், தொடை வலிச்சது, உட்கார்ந்து எழுந்து உடற்பயிற்சி செஞ்ச பலன் எனக்கு. மூணு தடவைக்கு மேல தொடர்ச்சியா ஆச்சுன்னா அது பாடம் ஏறாத நேரம், மணியைப் பாரு, தூக்க நேரமா இருக்கும்.

இங்க எனக்கும் மனைவிக்கும் ஒரு வாக்குவாதம். முதல் நாளே பல்லு பட்டாலே எழுந்து போகணும்னா அவ, முதல்ல அழுத்திக் கடிச்சா மட்டும் போவோம், அது குறைஞ்சதும் நடுத்தரமான கடிக்கும், கடைசில பல்லு பட்டாலேன்னு படிப்படியா போவோம்னேன் நான். ஏன்னா வாயோட அழுத்தத்தைக் கட்டுப்படுத்தக் கத்துக்கறதுதான் நாளைக்குப் பெரிய நாய் ஆனதும் உதவும், யாராச்சும் தெரியாம வாலை மிதிச்சுட்டா அந்தப் பதட்டத்துல கூட அளவா வைக்கும். எனக்கும் அவளுக்கும் இது சரி, ஆனா ஏழு வயசுப் பையனுக்கு இந்தப் படிக்கட்டு புரியாது, அவன் விஷயத்துல பல்லு பட்டாலே முடிஞ்சுதுன்னு வச்சோம். ஒரே வீட்டுல ரெண்டு சட்டம் குழப்பாதான்னு கேட்டா, குழப்பிச்சுதான், ஆனாலும் நான் மறுபடி இதையேதான் செய்வேன்.

இப்படி எழுந்து போக ஆரம்பிச்ச நாலாவது நாள் 22 திரும்ப 33 ஆச்சு. நொந்துட்டேன். ஆனா பாத்தா நியாயம் இருக்கு, இத்தனை நாள் கடிச்சா ஆட்டம் கிடைச்சுது, இப்ப கிடைக்கல, அப்ப இன்னும் பலமா செஞ்சு பாக்கலாம்னுதானே தோணும், ரிமோட் வேலை செய்யலேன்னா நாம பட்டனை அழுத்தி அழுத்திப் பாக்கறோமே அது மாதிரி. அந்த மூணு நாளைத் தாண்டினா இறங்கும். பலபேர் அங்கதான் விட்டுட்டு "இந்த வழி சரிப்படல"ன்னுடறாங்க. எட்டாவது நாள் 15.

அப்புறம் அங்கயே நின்னுடுச்சு. ரெண்டு வாரம் 15, 14, 16. எங்கயோ ஒழுகுது, எங்கன்னு தெரியல. நோட்டை மறுபடி எடுத்து ஆள் வாரியா கூட்டினேன். மனைவி, பையன், நான் எல்லாருக்கும் இருக்கு, என் அப்பா பேருக்கு நேரா பூஜ்யம். ஒரு மாசமா ஒரு கடிகூட இல்ல. அதெப்படி, நாள் பூரா வீட்டுல இருக்கறவர் அவர்தான். "அப்பா, உங்களை மட்டும் கடிக்கறதே இல்லையா"ன்னு கேட்டேன். "ச்சே, என்னை ஏன்டா கடிக்குது, சும்மா விரலை வாயில வச்சுட்டு இருக்கும், பாவம் பல்லு ஊறுதுல்ல"ன்னாரு. போய்ப் பாத்தா சோஃபாவுல பேப்பர் படிச்சுட்டே ஒரு கையைக் கீழ தொங்கவிட்டிருக்காரு, மிளகு சாவகாசமா படுத்து ஆள்காட்டி விரலைச் சப்பிக் கடிச்சுட்டு இருக்கா, மத்தியானம் மத்தியானம் இதான் நடந்திருக்கு. அவருக்குத் தோல் தடிமன், வலிக்கல, வலிக்காததால அது கடி இல்ல, கடி இல்லாததால நோட்டுல இல்ல. பத்துல ஒரு தடவை கிடைச்சாலே நாய் மறுபடி முயற்சி பண்ணும், இங்க தினமும் ஒரு மணி நேரம் இலவசமா கிடைச்சிருக்கு.

அவர்கிட்ட நான் பேசல, பேசினா கோவம் வரும், பையனை அனுப்பினேன். "தாத்தா, நீங்க விரல் கொடுத்தா என் கையும் அப்படித்தான்னு நினைச்சுக்குது, எனக்கு வலிக்குது"ன்னு போய்ச் சொன்னான். அவ்ளோதான், மறுநாள்லேர்ந்து தாத்தா கையில துணி ஜடை. பத்து நாள்ல எண்ணிக்கை 6.

பையனுக்கு நாங்க கத்துக்கொடுத்தது மரம் விளையாட்டு. குட்டி பாஞ்சு வந்தா ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கைய மாருல கட்டிட்டு மரம் மாதிரி நின்னு மேல பாக்கணும், மரம் போரடிக்கும், குட்டி போயிடும். கேக்க சுலபமா இருக்கு, ஏழு வயசுல குதிகால்ல ஊசி குத்தும்போது மரமா நிக்கறது பெரிய விஷயம், அதனால முதல்ல குட்டி இல்லாம நாங்க நாய் வேஷம் போட்டுப் பழக்கினோம். அப்புறமும் ரெண்டு பேரையும் தனியா விட்டதே இல்ல, ஒரு பெரிய ஆள் கண்ணு எப்பவும் மேல இருக்கும், முடியலேன்னா நடுவுல கம்பித் தட்டி இருக்கும்.

தினமும் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு நிமிஷம் தொட்டுப் பழக்கறதும் செஞ்சோம், காதைத் தொடு, ஒரு பருக்கை, பாதத்தைத் தூக்கு, ஒரு பருக்கை, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாரு, ஒரு பருக்கை. கைன்னா துரத்தற பொருள் இல்லைன்னு படிய இதுதான் உதவுச்சு. பின்னாடி நகம் வெட்ட, டாக்டர்கிட்ட காட்ட எல்லாத்துக்கும் ஆச்சு.

ஒரு நாள் மட்டும் நிஜமாவே பயந்தேன். மூணரை மாசம் இருக்கும், பையனோட சாக்ஸைத் தூக்கிட்டுப் போய் மேசைக்கடியில வச்சிருந்தா, எடுக்கக் குனிஞ்சேன், உடம்பு அப்படியே விறைச்சுப் போச்சு, வாய் அசையல, கண்ணோட வெள்ளை தெரிய ஓரமா என்னைப் பாத்தா, தொண்டைக்குள்ள ஒரு உறுமல். விளையாட்டுக் கடியில உடம்பு தொளதொளன்னு இருக்கும், முன்கால் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி வாலாட்டும், சத்தம் எவ்ளோ போட்டாலும் அது ஆட்டம். இது அது இல்ல. நான் கைய எடுத்துட்டேன், உறுமினதுக்குத் திட்டல, உறுமறது எச்சரிக்கை, அதைத் திட்டி நிறுத்தினா அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாம கடிக்கும். கொஞ்சம் தள்ளி அஞ்சாறு பருக்கையைப் போட்டேன், சாக்ஸை விட்டுட்டு வந்தா. அதுலேர்ந்து எது எடுத்தாலும் பதிலுக்கு ஒண்ணு கொடுத்துத்தான் வாங்கறது, நிறைய தடவை பொருளையும் திருப்பிக் கொடுத்துடறது. டாக்டர்கிட்டயும் சொல்லி வச்சேன். மறுபடி வரல. வந்துட்டே இருந்தாலோ, தொட்டா மட்டும் திடீர்னு கடிச்சாலோ அது நோட்டுல தீர்ற விஷயம் இல்ல, வலி எதாவது இருக்கலாம், நாய் நடத்தை தெரிஞ்சவங்களைப் பாத்துடணும்.

நாலு மாசத்துல எண்ணிக்கை 3, 4ன்னு நின்னப்ப, ஜெயிச்சுட்டோம்னு நோட்டைக் கழட்டி வச்சேன். அடுத்த வாரமே 14. கூட்டிப் பெருக்கும்போது தரையில அரிசி மாதிரி ஏதோ கிடந்துச்சு, எடுத்துப் பாத்தா முன்பல்லு. துணி ஜடையில சின்னச் சின்ன ரத்தக் கறை. முன்பல்லு மூணு நாலு மாசத்துல விழ ஆரம்பிக்கும், கோரைப்பல்லு அஞ்சு ஆறு மாசத்துல, ஏழு மாசத்துக்குள்ள 42 பல்லும் வந்துடும். அதுவரைக்கும் ஈறு ஊறும், எதையாவது அரைச்சுட்டே இருக்கும். இந்தத் தடவை பதறல, ஃப்ரீசர்ல துண்டு எண்ணிக்கையை மட்டும் நாலாக்கினேன். ஆறு மாசத்துல மேல ஒரு பக்கம் பால் கோரைப்பல்லு விழாம புதுசு பக்கத்துலயே முளைச்சு ரெட்டையா நின்னுச்சு, டாக்டர் பாத்துட்டு ரெண்டு வாரம் பொறுங்க, தானா விழலேன்னா எடுத்துடலாம்னார், கயிறு இழுக்கற விளையாட்டுல அது தானாவே விழுந்துடுச்சு.

இப்ப அவளுக்கு ஆறரை மாசம். கம்பி அடைப்போட கதவைக் கழட்டியாச்சு, சாயங்காலம் ஏழு மணி ஆனா தானா போய் போர்வைக்கடியில படுத்துக்கறா, யாரு வந்திருந்தாலும். துணி ஓரத்தைப் பாத்தா மட்டும் இன்னும் கண்ணு போகுது, மனைவி நைட்டி ரெண்டு போச்சு. நோட்டுல போன வாரம் பூரா பூஜ்யம், நேத்து மட்டும் ஒண்ணு. எழுத்து என்னோடது இல்ல, அப்பாவோடது, பென்சில்ல இல்லாம பேனாவுல எழுதியிருக்காரு: "மதியம் 2.10. தாத்தா. ஆள்காட்டி விரல். பேப்பரைத் திருப்பும்போது தெரியாமப் பட்டது. எழுந்து போய்விட்டேன்."